விரதக் காலத்துக் கனவுகள்

பினாங்குத் தமிழர் வீடுகள் பலவற்றில் வருடத்துக்கு ஒரு முறையாவது போத்தல் கண்ணில் படாமல் போகிறதென்றால் அது தைப்பூசத்தின் புண்ணியம். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணிக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர் மச்சம் சேர்க்கமாட்டார், தரையில் படுப்பார், குடியைத் தொடமாட்டார். முறைப்படி ஒரு மண்டலம், அதாவது 48 நாள். வேலை நெருக்கடியில் அது 21 நாளாகவும் ஒரு வாரமாகவும் சுருங்குவதுண்டு. அந்த நாட்களில் வரும் கனவுகளுக்கு நம்மிடம் தயாராக இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. நல்ல கனவு வந்தால் முருகன் அருள். பாம்பு துரத்தினாலோ, செத்துப்போன தகப்பனார் வாசலில் வந்து நின்றாலோ விரதத்தில் ஏதோ குறை. நாள் தவறாமல் குடித்துப் பழகியவர் விஷயத்தில் மூன்றாவதாக ஒரு விளக்கமும் உண்டு. அதை யாரும் சொல்லாததால்தான் விரதம் முடிந்த கையோடு பலர் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

தூக்கத்தில் கண்மணிகள் வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு என்பதை 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் எழுதினார்கள். தெளிவான, கதைபோல் நீளும் கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. மது அதைத்தான் அமுக்குகிறது. மூளையை அடக்கும் காபாவுக்கு அது துணை போகிறது, தூண்டும் குளுட்டமேட்டை மட்டுப்படுத்துகிறது. குடித்தவர் படுத்தவுடன் தூங்கிவிடுகிறார். நாள்பட்ட குடியில் மூளை இதற்கு ஈடுகொடுக்கத் தூண்டும் பக்கத்தை வலுவாக்கிக்கொள்கிறது. ஒருநாள் மது நின்றதும் அந்த வலு மட்டும் தனியாக மிஞ்சுகிறது. படுத்தால் தூக்கம் வராது, வந்தாலும் மூன்று மணிக்கு வேர்த்துக்கொட்டி விழிப்பு வரும், இடையில் அமுங்கிக்கிடந்த கனவுக் கட்டம் கூட்டமாக வரும். எல்லா ஆய்வுகளிலும் அந்தக் கட்டம் நீண்டதாகத் தெரியவில்லை என்று ஆட்சேபிக்கலாம், உண்மைதான். ஆனால் அடிக்கடி விழிப்பவனுக்குக் கனவு பாதியில் அறுபடுகிறது, அறுபட்ட கனவுதான் நினைவில் தங்குகிறது. கனவு கூடினாலும் சரி, கனவின் ஞாபகம் கூடினாலும் சரி, காரணம் குடி நின்றதுதான்.

இவற்றில் மிகவும் கலங்கடிப்பது குடிக்கிற கனவு. கல்யாண வீட்டில் யாரோ கிளாஸை நீட்டுகிறார்கள், வாங்கி ஒரே மூச்சில் இறக்கியாகிறது, தொண்டை எரிகிறது. திடுக்கிட்டு எழுந்தவர் விரதம் போச்சே என்று உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்ப்பார். விடிந்து வீட்டில் சொன்னால், “மனசுக்குள்ள இன்னும் ஆசை இருக்கு, அதான்” என்று பதில் வரும். ஆசை இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கனவை வரப்போகும் சறுக்கலின் முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ள ஆதாரம் போதாது. குடியிலிருந்தும் போதைப்பொருளிலிருந்தும் மீண்ட சுமார் 2,000 அமெரிக்கர்களை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இப்படிப்பட்ட கனவு வந்ததாகச் சொன்னார்கள். மீண்டு வருடங்கள் ஆக ஆகக் கனவுகள் அருகின. பதறி எழுந்தவர் குடிக்கவில்லை என்று தெரிந்ததும் விடுகிற பெருமூச்சே அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைக் காட்டிவிடுகிறது.

ஆக, கனவைவிடத் தூக்கம் கெடுவதுதான் ஆபத்து. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கெர்க் பிரவரும் சகாக்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், குடிநோய்ச் சிகிச்சைக்கு வந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்குத் தூக்கமின்மை இருந்தது. சராசரியாக ஐந்து மாதம் கழித்து 74 பேரைத் திரும்பப் பார்த்தபோது, தொடக்கத்தில் தூக்கம் இல்லாதிருந்தவர்களில் 60 விழுக்காட்டினர் மறுபடி குடித்திருந்தார்கள்; நன்றாகத் தூங்கியவர்களில் 30. தூக்கம் சீர்ப்படும் வேகமும் மெதுவானது. முதல் வருடத்தில் நிறையத் தேறினாலும், சில கோளாறுகள் 27 மாதம் வரை நீடித்ததை 1998இல் வந்த இன்னோர் ஆய்வு பதிவுசெய்தது. இந்தக் கணக்கின் பக்கத்தில் நம் 48 நாளை வைத்துப் பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்குப் பின் இடும்பன் பூசையோடு விரதம் இறங்குகிறது. கூட்டாளி வந்து, “அதான் முடிஞ்சிருச்சே, ஒரு கிளாஸ்தானே” என்கிறார். அன்று இரவு படுத்ததும் தூக்கம் வருகிறது. குடிக்காமல் பட்ட பாட்டையும் குடித்ததும் வந்த தூக்கத்தையும் உடம்பு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தனக்கு எது ஒத்துவருகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. தூக்கத்தின் நல்ல பகுதி இனிமேல்தான் வர இருந்தது என்பது அந்தத் தீர்ப்பில் சேரவே இல்லை.

குடித்த காலத்தில் நன்றாகத்தானே தூங்கினார் என்று மனைவிமார் கேட்பது நியாயமான கேள்வி. முன்னிரவில் கட்டைபோல் கிடந்தார் என்பது சரி. பின்னிரவில் புரண்டதும், நாவறண்டு தண்ணீர் தேடியதும், குறட்டை நடுவே மூச்சு நின்று நின்று வந்ததும் அதே தூக்கத்தின் மறுபாதி. கனவை மூளை ரசாயனமாக்குவது பக்தியைக் கொச்சைப்படுத்துவதல்லவா என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முருகன் கனவில் வந்தார் என்பவரிடம் வாதாட எனக்கு ஒன்றுமில்லை. கெட்ட கனவு வந்ததால் தன் விரதம் பழுதாகிவிட்டது என்று குமைபவருக்குத்தான் இந்த விளக்கம் வேண்டியிருக்கிறது.

ஓர் இடத்தில் மட்டும் விளக்கத்தோடு நிற்கக் கூடாது. காலையிலேயே கை நடுக்கத்துக்குச் சம்சு தேடும் அளவுக்குப் போனவர் மாலை போட்ட அன்றே சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி பேதலித்து, விழித்திருக்கும்போதே பூச்சியும் ஆளும் தெரியலாம். 1966இல் மில்டன் கிராஸ் குழுவினர் அத்தகைய நோயாளிகளின் தூக்கத்தை அளந்தபோது, சிலருக்கு முழுத் தூக்கமும் கனவுக் கட்டமாகவே இருந்தது. அதைச் சாமி வந்ததாகவோ செய்வினையாகவோ எண்ணிப் பூசாரியைத் தேடி நேரத்தைக் கடத்தினால் உயிர் போகும். அவருக்கு வேண்டியது ஜெனரல் ஆஸ்பத்திரி. மருத்துவர் மேற்பார்வையில் குடியை நிறுத்திவிட்டு அப்புறம் மாலை போடலாம், முருகன் காத்திருப்பார்.

மற்றவர்களுக்குத் தூக்க மாத்திரை தீர்வாகுமா என்றால், அவற்றில் பலவும் மது தொடும் அதே காபாவைத்தான் தொடுகின்றன. ஒரு பழக்கத்தின் இடத்தில் இன்னொன்று குந்திக்கொள்ளும். படுக்கும் பழக்கத்தையும் தூக்கத்தைப் பற்றிய பயத்தையும் திருத்தும் உளவியல் சிகிச்சை, குடியை விட்டவர்களின் தூக்கமின்மையைக் குறைக்கிறது. மறுபடி குடிப்பதையும் அது தடுக்கிறது என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. போத்தலுக்குப் பதிலாக ராத்திரி பத்து மணிக்கு மாமாக் கடையில் இரண்டு தே தாரிக் இறக்குபவர்கள் அதையும் கொஞ்சம் யோசிக்கலாம். பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் பாடு தனி. பகல் வெளிச்சத்தில் தூங்கியாக வேண்டியவருக்குக் குடியை விடும் மாதங்களிலாவது ஷிப்டை மாற்றித் தர முதலாளிக்கு மனம் வரவேண்டும். மண்டலக் கணக்கு போதாதென்றால் வேறு எதைப் பிடித்துக்கொள்வது என்பார்கள். நம் நாட்காட்டியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. தைப்பூசம் போனால் அடுத்த மாதமே தெலுக் பஹாங்கில் மாசி மகத் தெப்பம், அதற்கும் அடுத்த மாதம் பங்குனி உத்திரம். இடும்பன் பூசையன்று மாலையைக் கழற்றும்போதே அடுத்த நேர்த்தியை மாசி மகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; மச்சத்தை வேண்டுமானால் அன்றே தொடங்கிக்கொள்ளட்டும்.