எதிர்க்கரையில் ஒரு பிளவு

திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் பாசஞ்சர் வண்டியில் சிதம்பரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடலூர் துறைமுகம் சந்திப்பு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிறகு சிதம்பரம். 2010இல் அகலப்பாதை ஆன இந்த வழி நெடுக, இடப்பக்கம் சில கிலோமீட்டரில் கடல் கூடவே வரும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

வலப்பக்கம், கடலூருக்கு மேற்கே, செம்மண் மேடாகக் கிடக்கிறது கேப்பர் மலை. மலை என்பது மரியாதைக்குச் சொல்வது. புவியியல் நூல்களில் 'கடலூர் மணற்கல்' என்று பெயர் பெற்ற பாறை இதுதான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடப்பதும் இதே இனம். இந்த அடுக்குகளை எல்லாம் தாங்கும் காவிரிப் படுகை, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரியத் தொடங்கியபோது உண்டான பள்ளம். அதாவது, கடலூர்க் கரை ஒரு பழைய பிரிவினையின் விளிம்பு. இன்று இங்கே புவித்தட்டுகளின் எல்லை கிடையாது. எப்போதாவது சிறு அசைவு வரும். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் வந்ததுபோல. அதோடு சரி.

இன்றைய எல்லை கிழக்கே சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளி, அந்தமானுக்கு மேற்கே கடலடியில் இருக்கிறது. வடக்கே ஆசியாவை முட்டி இமயத்தை உயர்த்திய அதே இந்தியத் தட்டு, அங்கே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் பர்மா தட்டுக்கு அடியில் புகுகிறது. புகுந்த தட்டு ஆழத்தில் நீரைக் கக்க, மேலுள்ள பாறை உருகி எழுகிறது. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலையான பாரன் தீவு அப்படிப் பிறந்ததுதான். எல்லைக் கோடு அப்படியே தெற்கே இறங்கி சுமத்ராவுக்குப் போகிறது. கடலூர்க்காரருக்குச் சுமத்ரா அயல்நாடு அல்ல, எதிர்வீடு.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை 6.29க்கு அந்த எதிர்வீடு உடைந்தது. ரிக்டர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் கணக்கில் 9.1. சுமத்ராவில் தொடங்கிய பிளவு அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்துகொண்டே போனது. சில இடங்களில் தட்டு 15 மீட்டருக்கும் மேல் வழுக்கியது. மேலே நின்ற தண்ணீர் மேற்கே தூக்கப்பட்டது, கிழக்கே தாழ்ந்தது. கிழக்கே தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. அங்கே சிலருக்கு அதுவே துப்பு. மேற்கே நம் பக்கம் முதலில் புறப்பட்டதே அலையின் மேடு.

அந்த அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்த ரயிலில் சிதம்பரம் போய்த் திரும்பும் அளவு நேரம். அவ்வளவு நேரமும் கடலூர்க் கரையிலுள்ள தேவனாம்பட்டினத்தில் எவருக்கும் ஒரு சொல் வரவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

புதுச்சத்திரம் தாண்டினால் சாமியார்பேட்டை, புதுக்குப்பம் என்று இடப்பக்கம் குப்பங்கள். பரங்கிப்பேட்டை ஸ்டேஷனுக்கு அடுத்து வண்டி வெள்ளாற்றைக் கடக்கிறது. ஆற்றின் முகத்துவாரத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம். அங்குள்ள கதிரேசனும் ராஜேந்திரனும் அலைக்குப் பின் இந்தக் கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உயிர்களைக் காத்தது என்று 2005இல் எழுதினார்கள். கிள்ளையில் இறங்கிக் கிழக்கே போனால் வரும் பிச்சாவரம்தான் அந்தக் காடு. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. கடலை நேரே பார்த்த மணல் திட்டான எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது.

மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே புள்ளிவிவரத்தைத் திரும்பக் கணக்கிட்டு, ஊர் எவ்வளவு மேட்டில், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதே பெரும்பங்கு என்றார்கள். எனக்கு இரண்டாவது வாதமே வலுவாகப் படுகிறது. காடு வேண்டும், மீனுக்கும் நண்டுக்கும் புயலுக்கும் வேண்டும். ஆனால் அதைச் சுவர் என்று நம்பி அதன் நிழலில் தாழ்வான மணலில் குடிவைப்பது ஆபத்து. மரம் நடும் விழாவுக்கு ஓடுகிற நாம், இருக்கும் மணல் மேட்டை ரிசார்ட்டுக்காகச் சமன் செய்யும்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கிள்ளையை அடுத்துச் சிதம்பரம். தில்லை என்ற பழம்பெயரை இந்த ஊருக்குத் தந்த தில்லை மரத்தை இன்று பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். அது அலையாத்தி இனம். ஊர் உள்ளே தள்ளி நின்றதால் கோயில் நகரத்தை அன்று அலை தொடவில்லை.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர, எச்சரிக்கை வந்து தமிழகக் கரை மக்கள் வெளியேறினார்கள். பாறை பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. வீண் அலைச்சல் என்று நினைக்கத் தோன்றும், அப்படி நினைக்காதீர்கள். நிலம் பலமாக ஆடினால் மேட்டுக்கு ஓடு என்ற பாடம் அந்தமானுக்குப் போதும். கடலூருக்குப் போதாது, இங்கே அதிர்வு லேசாகத்தான் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. சைரன் ஒலித்தால் கிளம்பிவிடுங்கள். முதல் அலை போனதும் வலையையும் படகையும் பார்க்கத் திரும்பாதீர்கள், அடுத்தது அதைவிடப் பெரிதாக வரலாம்.