ஏழாம் நம்பர்

‘டிம்’ என்ற சொல்லை முதன்முதலில் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தபோது எனக்கு லாரிதான் ஞாபகம் வந்தது. எதிரே வண்டி வந்தால் டிம் அடிக்க வேண்டும். இந்த இயந்திரமும் எதையோ மங்கலாக்குகிறது போலும் என்று சில வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். டைமென்ஷனின் சுருக்கமாம். டிம் போட்டு 40 என்றால் 40 பேருக்கு நாற்காலி போடு என்று அர்த்தம். (போடுவது 41. பூஜ்ஜியமும் ஓர் ஆள்.) கூட்டமாக வந்தால்தான் இந்த உபசாரம். ஒற்றையாக வரும் மாறிக்கு ஜி.டபிள்யூ. பேசிக் என்ற அந்தக் கணினி மொழியில் அறிவிப்பே வேண்டாம். பெயரைச் சொன்ன கணத்தில் கையில் சைபரோடு பிறந்துவிடும்.

அந்தத் தாராளம் எனக்குப் பிடித்திருந்தது, மதிப்பெண் பட்டியல் அடித்த நாள் வரைக்கும்.

மாடியில் நடந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டர் அது. பத்தாம் வகுப்பு, 40 பேர். மாணவர்களை எண்ணிக்கொண்டு போக ‘ஐ’ என்றொரு மாறி. ஒவ்வொருவர் மதிப்பெண்ணுக்கும் கீழே, பெற்றோர் கையெழுத்துக்காக ஐந்து வரி இடம் விட ‘கோசப்’ என்று அழைக்கும் ஒரு துணைநிரல். அந்த வரிகளை எண்ணவும் வேறு எழுத்துத் தோன்றாமல் ‘ஐ’ என்றே எழுதிவிட்டேன். முதல் மாணவனை அடித்துவிட்டுக் கோசப்புக்குள் போன ஐ, ஐந்து வரி எண்ணி, 6 ஆகத் திரும்பியது. ஆகவே அடுத்தவர் 7. மறுபடி உள்ளே, மறுபடி 6, மறுபடி 7. பிரின்டர் கிரீச்கிரீச்சென்று ஏழாம் நம்பர் மாணவியையே அடித்தது. தாள் மடிந்து மடிந்து தரையில் இறங்கியது. பயிற்றுநர் வந்து கன்ட்ரோல் பிரேக்கை அழுத்தினார். திட்டவில்லை, தாளின் விலையை மட்டும் சொன்னார். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. சமூக அறிவியலில் அவள் வாங்கிய 61 இன்னும் மறக்கவில்லை.

1964 மே 1 விடிகாலை 4 மணிக்கு டார்ட்மத் கல்லூரியில் பேசிக் கண்விழித்தபோது மொத்தப் பெயர்களே 286: ஓர் எழுத்து, அல்லது எழுத்தோடு ஓர் இலக்கம். அத்தனையும் ஒரே கூடத்தில் புழங்கின. அதை உருவாக்கிய கெமெனியையும் கர்ட்ஸையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அறிவியல் படிக்காத மாணவனும் நாலு வரி எழுதட்டும் என்று செய்த மொழி. நாலு வரிக்குக் கூடம் போதும். க்யூபேசிக் காலத்தில் ‘சப்’ என்று அறைகள் இருந்தன. அறைக்குள் இருக்கும் ஐ வேறு, கூடத்து ஐ வேறு. கூடத்து ஆள்தான் வேண்டுமென்றால் ‘ஷேர்டு’ என்று கேட்டு வாங்க வேண்டும். விஷுவல் பேசிக்கில் ‘ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்’ எழுதிவைத்தால், அறிவிக்காத பெயரை வாசலிலேயே நிறுத்திவிடும். எழுதாவிட்டால் பழைய கதைதான்: எழுத்துப்பிழையும் ஒரு பிள்ளை பெறும். பாடநூல்களில் இந்த அறைக் கணக்குக்கு வரையெல்லை என்று பெயர்.

வரையெல்லை என்றதும் எனக்குத் தமிழ் வகுப்புதான் ஞாபகம். அகப்பாட்டில் காதலர் பெயரைச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். குறுந்தொகையில் 401 பாட்டு, எத்தனை தலைவிகள்! கபிலரின் தலைவிக்கும் ஔவையாரின் தலைவிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பாட்டு முடிந்தால் அவளும் முடிந்தாள். அடுத்த பாட்டில் அதே பெயரில் வேறொருத்தி சைபரிலிருந்து ஏங்கத் தொடங்குவாள். புறத்திலோ பாரி எங்கே வந்தாலும் பறம்புமலைப் பாரிதான்.

நக்கீரரின் நெடுநல்வாடை அகம், புறம் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. 188 அடி. அரண்மனையில் பிரிவால் வாடும் அரசி. பாசறையில் நள்ளிரவில் தூங்காமல், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கும் அரசன். யார் பெயரும் இல்லை. ஆனால் கூட வருகிற ஒருவன் கையில் வேல். வேலின் தலையில் வேம்பு. வேம்பு பாண்டியர் அடையாளம். ஆள் தெரிந்துவிட்டது, ஆகவே இது புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தீர்ப்பெழுதிவிட்டார்.

நக்கீரர் அந்த வேம்பைத் தெரிந்தே உள்ளே விட்டார் என்று அறிஞர்கள் சொல்லக்கூடும். மறந்துபோய் விட்டிருப்பார் என்றுதான் எனக்கு நினைக்கப் பிடிக்கும். ஓர் ‘ஐ’யை உள்ளே விட்டவன் வேறெப்படி நினைப்பேன்?