செஞ்சியாறு கடலைத் தொடும் இடத்தில்... எந்தப் படகில் ஏறலாம்?

ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கினால் முழங்கால் வலி இரண்டு நாளாவது பேசும். அதனாலோ என்னவோ, செஞ்சிக்கு வரும் குடும்பங்களில் பல மறுநாளைப் புதுச்சேரிக்கு ஒதுக்கிவிடுகின்றன. சுமார் 70 கி.மீ. தூரம்தான். கோட்டையில் நடக்க மறுத்த பாட்டியும் படகு என்றால் சம்மதிப்பார்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டுமே. அந்தப் பெருமை எல்லோருக்கும் தெரியும். செஞ்சி மலைப் பகுதியில் பிறக்கும் ஆறுதான் புதுச்சேரியில் படகு விடும் ஆறு என்பது பலருக்குத் தெரியாது. சங்கராபரணி, வராக நதி, செஞ்சியாறு என்று அதற்கு மூன்று பெயர். வீடூர் அணையையும் கல்மரங்களுக்குப் பேர்போன திருவக்கரையையும் கடந்து, வில்லியனூர் வழியாக வந்து, சுண்ணாம்பாறு, அரியாங்குப்பத்தாறு என இரண்டாகப் பிரிந்து கடலுக்குப் போகிறது. கடலூர் சாலையில், நோணாங்குப்பத்தில் இருக்கிறது சுண்ணாம்பாறு படகு குழாம்.

படகுத் துறையில் குழந்தைகளின் கண் முதலில் போவது அணியத்துக்கு, அதாவது படகின் மூக்குப் பகுதிக்கு. உல்லாச மோட்டார் படகுகளில் இரண்டு மாதிரி உண்டு. ஒன்றில் அணியம் திறந்திருக்கும். அங்கேயும் இருக்கை போட்டிருப்பார்கள். இன்னொன்றில் அந்த இடத்தைத் தளம் போட்டு மூடியிருப்பார்கள். எல்லோரும் நடுவிலும் பின்னாலும்தான் உட்கார வேண்டும்.

காற்றும் காட்சியும் வேண்டுமென்றால் திறந்த படகுதான். கால் நீட்டி உட்காரலாம், நாலு பேர் கூடுதலாக ஏறலாம். சிக்கலும் அங்கேதான். முன்னால் ஆள் கூடினால் மூக்கு தாழும். எதிரே வரும் படகு கிளப்பிய அலையில் குத்தினாலோ, வேகமாகப் போய்ச் சட்டென்று நிறுத்தினாலோ, தண்ணீர் நேராக உள்ளே வரும். மேலே துணி மூடி போட்டால் சாரலைத் தடுக்கும், அலையைத் தடுக்காது. மூடிய படகில் அதே அலை தளத்தின் மேல் விழுந்து இரண்டு பக்கமும் வழிந்துவிடும்.

குலுக்கல் அதிகமும் முன்னால்தான். முதுகு வலிக்காரர் அங்கே உட்கார்ந்தால் அன்றைய உல்லாசம் முடிந்தது! குழந்தை முன்பக்கம் தவறி விழுந்தால் ஓடும் படகு அதன் மேலேயே போகும். விசிறி இருப்பது பின்னால். மூடிய படகிலும் ஓர் ஆசை உண்டு: அந்தத் தளத்தில் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுப்பது. அது இருக்கை இல்லை, ஈரத்தில் வழுக்கும்.

எந்தப் படகானாலும் எடை எங்கே சேர்கிறது என்பது முக்கியம். 2009 செப்டம்பரில் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பலர் ஒரே பக்கம் நகர்ந்தார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது.

ஆற்றுக்குள்ளேயே, அலையாத்தி மரங்களுக்கு நடுவே மெல்லச் சுற்றிவர திறந்த படகு போதும். முகத்துவாரப் பக்கம் போவதானால் மூடியதைக் கேட்டு வாங்குவது நல்லது. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும். அப்போது திறந்த படகு மட்டும்தான் காலியாக இருக்கிறதென்றால், பேரன் எவ்வளவு அடம்பிடித்தாலும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, பாட்டிக்குப் பக்கத்தில் நடு இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, ஆற்றோடு திரும்பி வந்துவிடலாம்.