அலுவலின்றி ஒரு பயணம்

ஊர் பார்க்கப் புறப்படுவோர் எவற்றைப் பார்ப்பது என்பது பற்றியே பெரிதும் சிந்திப்பர். எங்கே தங்குவது என்பதைச் செலவுக் கணக்கில் ஓர் உருப்படியாக மட்டுமே கொள்வர். ஆயினும், ஒரு நகரத்துக்கு நாம் யாராகச் செல்கிறோம் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது தங்குமிடமே. உறவினர் வீட்டில் இறங்குபவர் விருந்தினர். மலிவான லொட்ஜில் இறங்குபவர் அலுவல்காரர். ஊரைப் பார்ப்பதற்காகவே பணம் கொடுத்து அறை எடுப்பவர் பயணி. பேராதனையிற் கலைப்பீட மூன்றாம் வருடத்திற் பயிலும் மாணவி ஒருத்தி, கொழும்பைத் தனியே சுற்றிப் பார்க்கத் திட்டமிட்டபோது இதனை உணர்ந்திருக்கவில்லை. திட்டம் முற்றுப்பெற்ற வேளையிலேதான் உணர்ந்தாள்.

யாழ்ப்பாணத்திற் பிறந்த அவளுக்குக் கொழும்பு புதியதன்று. ஆனால், அவள் அறிந்த கொழும்பு கோட்டைப் புகைவண்டி நிலையமும், வெள்ளவத்தையில் மாமி வீடும், அவற்றிடையே ஓடும் பேருந்துமே. ஒவ்வொரு முறையும் ஓர் அலுவல் இருந்தது: கடவுச்சீட்டு, கண் வைத்தியர், ஒரு கலியாண வீடு. அலுவல் முடிந்த அன்றிரவே ஊருக்குத் திரும்பும் பேருந்து காத்திருக்கும். இம்முறை எந்த அலுவலும் இல்லை. விடுமுறைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழும் வரலாறும் கற்பித்துச் சேர்த்த பணம் கையில் இருந்தது. இரண்டு பகலும் ஓர் இரவும் என்று அவள் வரையறுத்துக்கொண்டாள்.

திட்டம் ஒரு கொப்பியில் உருவாயிற்று. காலைப் புகைவண்டியிற் புறப்பட்டால் ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்திற் கோட்டையை அடையலாம். முதலிற் பார்க்கவேண்டியது 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலை. காலியில் 1911இற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிற் பொறிக்கப்பட்டது. தமிழ்ப் பகுதி, தேவேந்திரமுனையிற் கோயில் கொண்டிருந்த திருமாலுக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. கடல் கடந்து வந்த ஒருவர் இத்தீவிற் பேசத் தேர்ந்த மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதை விரிவுரையிற் கேட்ட நாள்முதல், அக்கல்லை நேரிற் காணவேண்டும் என்ற ஆவல் அவளுக்கு இருந்தது. மறுநாட் காலை புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலும், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும். பிற்பகற் புகைவண்டியில் மீண்டும் பேராதனை.

தங்குமிடமே தீராத சிக்கலாயிற்று. துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள கிராண்ட் ஓரியண்டல் 1875இல் திறக்கப்பட்டது. சகலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் 1890இல் இலங்கைக்கு வந்த செக்கோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. இலக்கிய மாணவிக்கு அது போதிய காரணம். கடற்கரையோரம் எழுந்துள்ள புதிய மாடங்களோ உயரத்தால் மட்டுமே அவளைக் கவர்ந்தன. ஈற்றில் அவள் மனம் 1864இல் தோன்றிய கோல் பேஸ் ஹோட்டலில் நிலைத்தது. வாயிலைக் கடந்தாற் காலிமுகத்திடல். அதன் மறுகோடியில் 1930இல் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டடம். 2022இல் மாணவரும் மக்களும் மாதக்கணக்கிற் கூடாரமிட்டிருந்த இடமும் அதன் அயலே. தனியே செல்லும் ஒரு பெண் மாலைப் பொழுதில் எவர் துணையுமின்றிக் கால்நடையாகவே பார்க்கக்கூடியவை இவை.

அத்திடலை 1859இல் நிறைவுசெய்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி அதனைத் தமக்குப் பின்வருவோர் பேணவேண்டும் எனக் கல்லிற் பொறித்திருக்கிறார். கொழும்பின் பெண்கள் என்று அவர் எவரைக் கருதினார் என்பது ஊகிக்கக்கூடியதே. வெள்ளையருக்கென எழுந்த ஹோட்டலும் அத்தகையதே. அதனை அறிந்தும் அவள் அங்கே அறை தேடினாள்.

விளம்பரத்திற் காணும் விலை இறுதி விலையன்று. அதன்மேற் பத்து வீதச் சேவைக் கட்டணமும் வரிகளும் சேரும். கடலை நோக்கிய அறைக்கு ஒரு விலை, நகரை நோக்கிய அறைக்கு ஒரு விலை. கூட்டிப் பார்த்தபோது ஓர் இரவுக்கான தொகை அவளுடைய இரண்டு மாதக் கன்ரீன் செலவுக்கு மேலாயிற்று. அறைத்தோழி கணக்கைப் பார்த்துவிட்டு, "உறங்குவதற்கா இவ்வளவு பணம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நாட்டின் நிலையையும் வீட்டின் நிலையையும் அறிந்த எவரும் கேட்கக்கூடியது. அவளிடம் விடை இருக்கவில்லை.

அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசியிற் செய்தி சொன்னாள்.

"தனியவோ? அங்கை என்ன அலுவல் பிள்ளை?"

"ஒரு அலுவலும் இல்லையம்மா. சும்மா பாக்கத்தான்."

"சும்மா பாக்கிறதுக்கு ஆர் கொழும்புக்குப் போறவை? மாமியும் குறை நினைப்பா."

பின்னர் அம்மா 2019 ஏப்ரல் 21ஆம் நாளை நினைவூட்டினாள். அன்று குண்டு வெடித்த இடங்களுள் தேவாலயங்களோடு கொழும்பின் மூன்று ஆடம்பர ஹோட்டல்களும் அடங்கும். பணம் பாதுகாப்பை வாங்கித்தராது என்பது அவள் வாதம். மகள் மறுக்கவில்லை. சிறிது நேரம் இருபுறமும் பேச்சில்லை. அதன்பின், இதுவரை முழுமையாகச் சொல்லாத ஒன்றை அம்மா சொன்னாள்.

1999இல், திருமணத்துக்கு முன், வெளிநாட்டு விசாவுக்காக அம்மா காங்கேசன்துறையிற் கப்பலேறித் திருகோணமலை வந்து, அங்கிருந்து கொழும்பு சேர்ந்தாள். செட்டியார் தெருவுக்கு அண்மையில் ஒரு லொட்ஜில் மூன்று மாதம். பொலிஸ் பதிவுத் துண்டு எந்நேரமும் கைப்பையில் இருக்கவேண்டும். இரவிற் கதவு தட்டப்பட்டால் முதற்கேள்வி ஒன்றே: எதற்காக வந்தாய்? அதற்கு விடையாக ஓர் அலுவல் இருக்கவேண்டும். அதற்கான கடிதமும் இருக்கவேண்டும். தூதரகமும் கோயிலும் தவிர அவள் எங்கும் சென்றதில்லை. விசா கிடைக்கவில்லை, ஊர் திரும்பினாள். பின்னர் 2007 யூன் 7ஆம் நாள், கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. வானொலியில் அச்செய்தியைக் கேட்டபோது, தான் தங்கிய அறையே அம்மாவின் கண்முன் நின்றதாம்.

"மூண்டு மாதம் இருந்தனான் பிள்ளை. காலிமுகத்தை ஒருநாளும் பாக்கேல்லை."

அறைத்தோழியின் கேள்விக்கு விடை எதுவென மகளுக்கு அப்போது விளங்கிற்று. அவள் கொடுக்கப்போகும் பணம் பட்டு விரிப்புக்கோ வெள்ளித் தட்டுக்கோ உரியதன்று. தன் நாட்டின் தலைநகருக்குக் காரணம் கூறாமற் சென்று, ஓர் இரவு தங்கித் திரும்புவதற்கே அது உரியது. அவ்வுரிமை விலைக்கு வாங்கவேண்டிய ஒன்றாக இருத்தலாகாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஐந்து ரூபாவும் இல்லாதவனுக்கும் அது இருக்கவேண்டும். ஆயினும் அவளுடைய குடும்பத்தில் அதனை அனுபவித்தவர் இதுவரை எவருமில்லை.

"நீங்களும் வாங்கோவன் அம்மா" என்றாள்.

"இல்லை, முதல் நீ போ." சற்றுப் பொறுத்து, "கடல் தெரியிற அறையோ எடுக்கிறாய்?" என்று அம்மா கேட்டாள்.

அதுவரை அவள் மலிவு கருதி நகரை நோக்கிய அறையையே குறித்து வைத்திருந்தாள்.

"ஓமம்மா."

"அப்ப போட்டு வா. வந்து எல்லாத்தையும் சொல்லு."

அழைப்பு முடிந்ததும் அவள் கொப்பியைத் திறந்து அறையின் விலையைத் திருத்தினாள். கூட்டுத்தொகை உயர்ந்தது, இரண்டாம் நாள் மதிய உணவைக் குறைத்துச் சரிசெய்தாள். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பிடும் பழக்கத்தால் முதற்பக்கத்தில் நாள், வழி, செலவு, நோக்கம் என அவள் எழுதியிருந்தாள். நோக்கத்துக்கு எதிரே இடம் வெறுமையாக இருந்தது. அதனை அவள் அவ்வாறே விட்டுவிட்டாள்.