என் பழைய கிளாரினெட்

இசைக் கருவியொன்று கைக்கு வந்தவுடன் இசையும் உடன் வந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தால் யான் பட்ட பாட்டை நண்பர்களுக்குக் கூறுதல் பயனுடைத்தாகுமெனக் கருதி இச்சிறு கட்டுரையை வரையலானேன்.

கல்லூரிக்கு வந்த முதலாண்டிலேயே வாத்தியக் குழுவிற் சேர விரும்பினேன். புதிய கிளாரினெட் வாங்கப் பொருளில்லை. என் தந்தையார் சிற்றூரொன்றில் தையற்றொழில் புரிபவர். என் விருப்பத்தைக் கேட்டதும் மறுசொற் கூறாது, தீபாவளித் தையலில் வந்த கூலியிலிருந்து 9,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். சென்னையில் ஒரு பழம்பொருட் கடையில், கரிய மரத்தாலான கிளாரினெட் ஒன்று கிடைத்தது. "பட்டாளத்து வாத்தியம், தம்பி. இப்படிப்பட்ட மரம் இனிக் கிடைக்காது," என்றார் கடைக்காரர். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை. யானும் ஒன்றும் வினவவில்லை.

முதல்நாட் பயிற்சியிலேயே துன்பம் தொடங்கியது. பியானோவோடு சேர்ந்து ஊதியபொழுது என் சுரம் மட்டும் தனித்து மேலே நின்றது. "சுருதி ஏறியிருக்கிறது, பேரலைச் சற்று இழுத்து வைத்து ஊது," என்றார் ஆசிரியர். ஊதுவாய்க்கும் மேற்குழலுக்கும் இடையேயுள்ள சிறு உருளையே பேரல் எனப்படும். அதனை வெளியே இழுத்தாற் குழல் நீளும், சுருதி இறங்கும். இரண்டு மில்லிமீட்டர் இழுத்தேன்; போதவில்லை. ஐந்து மில்லிமீட்டர் இழுத்தேன். அப்பொழுது புதியதொரு தொல்லை தோன்றிற்று. நடுச்சுரங்கள் வெகுவாக இறங்கின. அடிச்சுரங்களோ சிறிதே அசைந்தன.

இதன் காரணம் எளிது. அடிச்சுரத்துக்குக் குழலின் முழு நீளமும், ஏறத்தாழ 60 சென்டிமீட்டர், பயன்படுகின்றது. துளைகளையெல்லாம் திறந்து ஊதும் நடுச்சுரத்துக்கு அதிற் பாதிக்கும் குறைவான நீளமே போதும். ஆகவே ஒரே அளவு இழுப்பினும், குறுகிய குழலை அது இருமடங்குக்கு மேல் தாக்கும். ஒன்றைத் திருத்தப் போனால் மற்றொன்று கெடும்.

அக்காலத்தில் இவற்றையெல்லாம் யான் அறியேன். பிழை என் உதட்டிலும் செவியிலுமே உளதென நம்பினேன். சீவாளிகளை மாற்றிப் பார்த்தேன். குளிர்ந்த குழலிற் சுருதி தாழுமென்று கேள்வியுற்று, வைகறைக் குளிரில் எழுந்து ஊதினேன். உதட்டைத் தளர்த்திச் சுரத்தை இறக்க முயன்று புண்ணாக்கிக் கொண்டேன். மூன்று திங்கள் இவ்வாறு கழிந்தன. முடிவில் ஆசிரியர் என்னைக் கல்லூரி நாள் விழாவிற்குப் பியானோ வாசிப்பவரின் பக்கத்தில் ஏடு புரட்டுமாறு அமர்த்தினார். ஞாயிறுதோறும் தந்தையார் தொலைபேசியில், "வாத்தியம் நன்றாகப் பேசுகிறதா, தம்பி?" என்று கேட்பார். "நன்றாகப் பேசுகிறது, அப்பா," என்பேன்.

ஒருநாள் எண்ணெய்த் துணியால் மேற்குழலைத் துடைத்துக் கொண்டிருந்தேன். அழுக்கின் அடியில் இரண்டு சிறு எழுத்துக்கள் புலப்பட்டன: 'எச்.பி.' அவை 'ஹை பிட்ச்' என்பதன் சுருக்கமென்று பின்னர்ப் படித்தறிந்தேன். இன்று மேனாட்டுக் கருவிகள் பலவற்றுக்கும் அளவுகோல், வினாடிக்கு 440 அதிர்வுடைய சுரமாகும். 1939-ஆம் ஆண்டில் இலண்டனிற் கூடிய மாநாடு அவ்வளவைப் பரிந்துரைத்தது. அதற்கு முன்னர், பிரிட்டிஷ் இராணுவ வாத்தியக் குழுக்கள் 1920-களின் இறுதிவரை ஏறத்தாழ 452 அதிர்வையே அளவாகக் கொண்டிருந்தன. அடுத்தடுத்த இரு சுரத்தானங்களின் இடைவெளியில் இஃது ஏறக்குறையப் பாதியாகும். என் கருவி அப்பழைய அளவுக்குத் துளையிடப்பட்டது. எவ்வளவு இழுத்தாலும் அது பியானோவோடு இணங்காது.

இதனை அறிந்த மறுவாரமே, முதலாண்டு மாணவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். "அண்ணா, நீங்கள் இப்போது ஊதுவதில்லையாமே; எனக்கு விலைக்குத் தருவீர்களா?" என்றார். அவரும் எளிய குடும்பத்தவர். கருவியை எடுத்துக் காட்டினேன். அவ்விரண்டு எழுத்துக்களின்மேல் என் பெருவிரல் தானே சென்று அமர்ந்தது. தந்தையாரின் 9,000 ரூபாயும் மீளும். பொய்யும் வெளிப்படாது என்று மனம் கணக்கிட்டது. அக்கணத்தில் கடைக்காரரின் முகம் என் நினைவுக்கு வந்தது. விரலை எடுத்தேன், உள்ளதை உள்ளவாறு கூறினேன். அவர் நன்றி கூறிச் சென்றார்.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த என் அறைத்தோழர் வாய்ப்பாட்டுப் பயில்பவர். "நம் இசையிற் பாடுவோனுக்கன்றோ தம்புரா சுருதி சேர்க்கப்படுகின்றது!" என்று கூறி, தம் மின் சுருதிப்பெட்டியை என் குழலின் சட்ஜத்துக்கேற்பச் சிறிது சிறிதாக உயர்த்தினார். பேரலை முற்றும் உள்ளே செலுத்தி ஊதினேன். அடியும் நடுவும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. அதன் பின்னரே, கிளாரினெட்டிற் கருநாடக இசையை நிலைநாட்டி, 2008-ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி விருது பெற்ற ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் வாசிப்பைத் தேடிக் கேட்கலானேன்.

பழைய கிளாரினெட் வாங்க விரும்பும் நண்பர்கள் மூன்றினை மறவாதிருக்க: முதலில் மேற்குழலின் எழுத்துக்களைத் தேடுக, ஐந்து நிமிடம் ஊதிக் குழல் வெம்மையுற்றபின், 440-க்கு அமைந்த கருவியொன்றோடு ஒப்பிடுக, அடிச்சுரத்தையும் நடுச்சுரத்தையும் தனித்தனியே சோதிக்க.

விடுமுறையில் வீடு சென்றபொழுது, மூன்று திங்களாக மறைத்ததைத் தந்தையாரிடம் உரைத்தேன். அவர் சினப்பாரென்று அஞ்சியிருந்தேன். அவர் தையற்பொறியை நிறுத்தி, கருவியை வாங்கித் தம் மடிமேல் வைத்துப் பார்த்தார். "சட்டையில் குற்றமில்லை, தம்பி. வேறொருவர் அளவுக்குத் தைத்தது, அவ்வளவுதான்," என்றார். பின்னர், "எங்கே, ஊது, கேட்போம்," என்றார்.

குழுவில் யான் இன்னும் ஏடு புரட்டுபவனே. மாலை வேளைகளில் விடுதி மாடியிற் சுருதிப்பெட்டியோடு அமர்ந்து ஊதுகின்றேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் தந்தையார் அதே வினாவைக் கேட்கிறார். யானும் அதே விடையையே கூறுகின்றேன். இப்பொழுது அது மெய்.