தீர்ப்பில் வராத கணக்கு

பிப்ரவரி 24, 2024, சனி

அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கத்தின் மீதான வழக்கில் நியூயார்க் ஜூரிகள் நேற்று முடிவு சொல்லிவிட்டார்கள். 1991 முதல் சங்கத்தைக் கையில் வைத்திருந்த வெய்ன் லாப்பியர் அதற்கு 54 லட்சம் டாலர் இழப்பு ஏற்படுத்தினாராம். ஏற்கெனவே கட்டியது போக 43 லட்சத்துச் சொச்சம் திருப்பித் தர வேண்டும். அவர் போன உல்லாசப் பயணங்களையும் பெவர்லி ஹில்ஸில் எடுத்த சூட்டுகளையும் பத்திரிகைகள் விடாமல் எழுதுகின்றன. ஆனால் இந்தத் தொகை சங்கத்துக்கு நேர்ந்த நஷ்டம் மட்டும்தான். சங்கத்தை நம்பிச் சுடுகிறவர்களும் சுடச் சொல்லித் தருகிறவர்களும் இழந்தது இதில் வரவில்லை. உறுப்பினர் சந்தா 2018-இல் சுமார் 17 கோடி டாலராக இருந்து, 2022-இல் 8 கோடியே 30 லட்சத்துக்கு இறங்கியது. வரவு பாதியாகும்போது வழக்கு நடத்தும் வக்கீலுக்குக் கொடுப்பதை நிறுத்த முடியாது. கத்தி விழுவது குரல் எழுப்பாத துறைகளின் மேல்தான். 2020-இல் 60-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு வேலை போனது, மற்றவர்களுக்குச் சம்பளம் குறைந்தது. போட்டிக்கு அனுமதி வழங்குவது, மதிப்பெண்ணைப் பதிந்து வீரரின் தரவகுப்பை நிர்ணயிப்பது, பயிற்றுநரின் சான்றிதழைப் புதுப்பிப்பது எல்லாம் ஆள் இல்லாமல் நடக்கிற வேலைகள் அல்ல.

பிப்ரவரி 25, ஞாயிறு

பயிற்றுநரின் பாடு வீரரின் பாட்டைவிடச் சிக்கலானது. வீரர் வேறு போட்டிக்குப் போய்விடலாம். பயிற்றுநரின் பிழைப்போ ஒரு முத்திரையில் தொங்குகிறது. ஃபுளோரிடா போன்ற மாநிலங்களின் உரிமச் சட்டத்தில் இந்தச் சங்கத்தின் பாடத்திட்டம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. அந்த முத்திரைக்குத்தான் அவர் சங்கத்துக்குப் பணம் கட்டுகிறார். சங்கம் அவரை எப்படி நடத்தியது? 2016-இல் கைத்துப்பாக்கி அடிப்படைப் பாடத்தின் ஒரு பகுதியை இணையத்துக்கு மாற்றியது. அதற்கான கட்டணம் நேரே சங்கத்துக்குப் போனது. எதிர்ப்பு கிளம்பி, மறுவருடம் பழைய முறை திரும்பியது. அதே 2017-இல் ‘கேரி கார்ட்’ என்ற பெயரில் காப்பீட்டோடு சேர்த்துத் தானே ஒரு பயிற்சித் திட்டத்தையும் தொடங்கி, சான்றிதழ் கொடுத்த பயிற்றுநர்களுக்கே போட்டியாக வந்தது. அந்தக் காப்பீடு நியூயார்க் அதிகாரிகளிடம் சிக்கியது. சங்கத்தின் பெயரில் காப்பீடுகளை நிர்வகித்த லாக்டன் நிறுவனம் 2018-இல் விலகிக்கொண்டது. 2020-இல் சங்கம் 25 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. புதிய வருமானம் தேடி எடுத்த முயற்சிக்குக் கடைசியில் தண்டம் அழுதது உறுப்பினர் பணம்தான்.

பிப்ரவரி 28, புதன்

சங்கத்தின் போக்குதான் வீரர்களையும் பயிற்றுநர்களையும் பாதித்தது என்ற இந்த வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் உண்டு. பெருந்தொற்று போட்டிகளை முடக்கியது, பல மாநிலங்கள் உரிமம் இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதித்ததால் வகுப்புக்கு ஆள் குறைந்தது, இதற்குச் சங்கம் என்ன செய்யும் என்பது முதலாவது. பாதி உண்மை. ஃபுளோரிடாவே 2023-இல் அப்படித் தளர்த்திவிட்டது. ஆனால் 2021 ஜனவரியில் திவால் மனு போட்டபோது, பல ஆண்டுகளில் இல்லாத நல்ல நிதிநிலையில் இருப்பதாகச் சங்கமே சொன்னது. வழக்கிலிருந்து தப்பிக்கத்தான் இந்த மனு என்று டல்லஸ் நீதிபதி மே மாதம் அதைத் தள்ளினார். நிதி நன்றாக இருந்தது உண்மையானால், கெட்ட காலத்தில் போட்டிகளையும் பயிற்சியையும் தாங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. சங்கம் ஓர் அரசியல் அமைப்பு, விளையாட்டு அதோடு போனால் போகட்டும், வேறொருவர் நடத்துவார் என்கிறது. உள்நாட்டுப் போரில் வடபுலச் சிப்பாய்களுக்குக் குறி பார்க்கத் தெரியவில்லை என்ற கவலையில் 1871-இல் தொடங்கிய சங்கம் இது. 1977-இல் சின்சினாட்டி கூட்டத்தில் உறுப்பினர்களே பழைய தலைமையைக் கவிழ்த்து அரசியலை முன்னால் கொண்டுவந்தார்கள். ஒலிம்பிக் பிரிவு 1995-இல் ‘யுஎஸ்ஏ ஷூட்டிங்’ கைக்குப் போனது. கேம்ப் பெர்ரியில் 1907 முதல் கூடிவரும் தேசியப் போட்டிகளை ‘குடிமக்கள் குறிசுடும் திட்டம்’ என்ற அமைப்பு இன்றும் நடத்துகிறது. 2020 முதல் தன் போட்டிகள் இண்டியானாவின் கேம்ப் அட்டர்பரியில் நடக்கும் என்று அறிவித்துவிட்டு வெளியேறியது சங்கம்தான். ஆக, வேறொருவர் நடத்துவது சாத்தியமே. ஆனால் அந்தத் திட்டத்துக்கு ராணுவத்தின் பழைய ரைஃபிள்களை விற்று வரும் சொந்தப் பணம் இருக்கிறது. தனிப் பை வைத்திருந்த பிரிவுகள் பிழைத்தன. பொதுப் பையையே நம்பியிருக்கும் மற்ற பிரிவுகளுக்கும் சான்றிதழ் முறைக்கும் அப்படி ஒன்றுமில்லை. மாறிப்போகும் பயிற்றுநர் இன்னொரு அமைப்புக்குக் கைக்காசைக் கட்டிப் புதிதாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். சங்கத்துக்குக் கண்காணிப்பாளர் தேவையா என்பதை நீதிபதி இனிமேல்தான் முடிவு செய்யப் போகிறார். யாராவது வந்தால், சூட்டு பில்லைப் பார்ப்பதற்கு முன்னால், போட்டிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கும் பணத்தைத் தனிக் கணக்காகப் பிரித்து, வக்கீல் செலவு அதைத் தொட முடியாதபடி செய்யச் சொல்லலாம்.