கூலியின் கணக்கு

லொறி திருத்தும் கராஜுக்குச் செல்பவர் உதிரிப்பாகத்தின் விலையைக் கேட்டுத் தலையசைப்பர். கூலியைக் கேட்டதும் முகஞ்சுளிப்பர். கையிற் பிடித்துப் பார்க்கக்கூடிய கிளச்சுத் தட்டுக்கு விலை உண்டென ஏற்கும் எமது சமூகம், அதைக் கழற்றிப் பூட்டும் கைகளுக்கும் விலை உண்டென ஏற்கத் தயங்குகின்றது.

எம்மிடம் கற்ற மாணவன் ஒருவன் ஏ-9 வீதியோரத்தில் சிறு கராஜ் ஒன்றை நடத்துகின்றான். "சேர், வேலை செய்யிறவனுக்கு மணிக்கு நானூறு குடுத்துப்போட்டு எங்களிட்ட ஆயிரத்து இருநூறு வாங்கிறியோ எண்டு லொறிக்காரர் கேக்கினம்" என்றான். இது கொள்ளையா, நியாயமா? அவனோடு அமர்ந்து நாம் கணக்குப் பார்த்தோம்.

மெக்கானிக் ஒருவரின் மாதச் சம்பளம் 80,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தவேண்டியது 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். இரண்டும் சேர்ந்து 12,000. வாடகை, மின்சாரம், கருவிகளின் தேய்மானம் ஆகியவற்றில் அவர் பங்குக்கு 64,000. ஆக மொத்தம் 156,000. அவர் மாதத்தில் 200 மணித்தியாலம் கராஜில் நிற்கின்றார். பாகம் வரும்வரை காத்திருத்தல், துப்புரவு, லொறி வராத பொழுதுகள் என்பன போக, பற்றுச்சீட்டில் எழுதக்கூடியவை 130 மணித்தியாலங்களே. வகுத்தால் மணிக்கு 1,200 ரூபா. இதில் இலாபம் ஒரு சதமும் இல்லை.

இக்கணக்கைச் சொல்ல அஞ்சும் முதலாளிகள் பலர், கூலியை 700 என்று கூறி மீதியை உதிரிப்பாகத்தின் விலையில் மறைக்கின்றனர். இம்மறைப்பு நெடுநாள் நிலைப்பதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. பாகங்களின் விலை ஏற ஏற, லொறிக்காரர் தாமே கடையில் வாங்கிக் கொண்டுவருகின்றார். அவரையும் குறைகூற முடியாது. பெருவியாபாரி தரும் ஏற்றுகூலியில்தான் அவர் வாழவேண்டியிருக்கின்றது. அப்போது மறைத்துவைத்த மீதி எங்கிருந்து வரும்?

தொழில் பழக வந்த சிறுவனிடமிருந்து வருகின்றது. சாப்பாடும் பஸ் காசுமே அவனுடைய சம்பளம். சேமலாப நிதியில் அவன் பெயர் இல்லை. கிறீஸ் படிந்த அச்சிறுவன், சென்ற ஆண்டு எமது பதினோராம் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தவன் என்பதை ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். மலிவான கூலி என்று நாம் மகிழ்வது அவனுடைய உழைப்பைத்தான்.

எமது மாணவனுக்கு நாம் கூறியது இதுதான்: மணிக்கூலியைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டு. பற்றுச்சீட்டில் பாகத்துக்கு ஒரு வரியும் உழைப்புக்கு ஒரு வரியும் இடு. பழகும் பையனின் சம்பளத்தையும் கணக்கிற் சேர். சிலர் வேறு கராஜுக்குப் போகக்கூடும். போகாதோர் உழைப்பின் விலையை அறிந்தே கொடுப்பர்.